புல்லட்டை ஓட்டிக்கொண்டு வராதே, நானே மேலே வர்றேன்

போன மார்கழியில் ஏற்காடு மலையில் இருக்கிற நாகலூரிலிருந்து மச்சினன் போன் செய்தான். "மாமா, வண்டி காலையில உயிரே பிடிக்க மாட்டேங்குது. உதைச்சு உதைச்சு முட்டி போச்சு. ஒரு தடவை பிடிச்சிட்டா அப்புறம் ஒண்ணுமில்ல, சும்மா பறக்குது. கீழ உங்ககிட்ட கொண்டாரட்டுமா?"

வேண்டாம், நான் மேலே வருகிறேன், ராத்திரி யாரும் அதைத் தொடக்கூடாது என்றேன். ஏனென்றால் குளிரில் வருகிற கோளாறு குளிர்ந்த இன்ஜினில்தான் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் அஸ்தம்பட்டி வந்து சேரும்போது இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும். வந்த வியாதி வழியிலேயே இறங்கிப் போயிருக்கும். மெக்கானிக் ஒரு உதை உதைப்பார், வண்டி பிடித்துக்கொள்ளும், "நல்லாத்தானே இருக்கு" என்பார். பழைய வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் நான் சொல்வது இதுதான்: பட்டறைக்குப் போனால் வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். காலையில் முதல் உதையை நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டி என் மாமனாருடையது. புல்லட் 350, பழைய இரும்பு சிலிண்டர், பாயின்ட் இக்னிஷன், அதாவது ஒரு சின்ன ஸ்விட்ச் மாதிரி பாயின்ட் திறந்து மூடிப் பொறி உண்டாக்குகிற பழைய முறை. காலை ஆறு மணிக்கு டேங்கின் மேல் பனி முத்து முத்தாக நின்றது. ஹெட்டில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. சரி, இனி ஆரம்பிக்கலாம்.

முதலில் ஸ்பேனர் வேண்டாம், சாவி போதும். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், கண் மின்சாரம் காட்டுகிற முள் மீட்டரில், அம்மீட்டரில் இருக்கட்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம், டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். இப்படி ஆடினால் பேட்டரி, சாவி, பாயின்ட் மூன்றும் வேலை செய்கின்றன. ஆடவே இல்லையென்றால் பாயின்ட்டில் எண்ணெய்ப் படலமோ கரியோ இருக்கும். சுத்தமான அட்டைத் துண்டை இடையில் விட்டு இழுத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அப்புறம் பிளக்கைக் கழற்றி ஹெட்டில் சாய்த்து வைத்து உதையுங்கள். பொறி நீலமாக, 'சட்' என்று கேட்கிற மாதிரி அடிக்க வேண்டும். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். பாயின்ட்டோடு சேர்ந்து வேலை செய்கிற கண்டன்சர் மேல் உடனே பழி போட வேண்டாம். அது பெரும்பாலும் சூடானபின் மக்கர் செய்கிற சாமான். டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி பிடிக்கவில்லை என்பவர்கள்தான் அதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வண்டியில் பொறி நன்றாக இருந்தது.

அடுத்தது பெட்ரோல். கழற்றிய பிளக் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்குகிற கிண்ணத்தை, பௌலைத் திறந்து உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். மலையில் பாதி டேங்கோடு பத்து நாள் நிற்கிற வண்டியில் தண்ணீர் அடியில் தனியாக நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். நனைந்திருந்தால் வேறு கதை. இங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். குளிர் என்றதும் சோக்கை முழுக்கப் போட்டு உதைக்கிறார்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. மேலே காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அதாவது சேலத்தில் டியூன் செய்த கார்ப்பரேட்டர் ஏற்காட்டில் ஏற்கெனவே பெட்ரோலைக் கொஞ்சம் அதிகமாகத்தான் ஊற்றுகிறது. சோக்கோடு இரண்டு உதை, பிடிக்கவில்லையா, சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து, சாவி போடாமல் நாலு உதை உதைத்து உள்ளே தேங்கியதை வெளியேற்றுங்கள். பிறகு புதிதாக ஆரம்பியுங்கள்.

உதைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் சுவர் மாதிரி நிற்கும். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு சின்னத் தள்ளு மட்டும் தள்ளி, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு உதை ஒன்று. இதை விட்டுவிட்டுக் கோபத்தில் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். என் வலது கணுக்காலில் 1996-இன் தழும்பு இருக்கிறது.

அந்தச் 'சுவர்'தான் நாகலூரில் எனக்கு விடை சொன்னது. சாவியை எடுத்துவிட்டு, சுவர் நிற்கிற இடத்தில் கிக்கர் மேல் உடம்பு எடையைப் போட்டு நின்றேன். நல்ல இன்ஜினாக இருந்தால் சில நொடியாவது தாங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல இறங்கும். இது 'புஸ்' என்று உடனே உட்கார்ந்துவிட்டது. மச்சினனை உதைக்கச் சொல்லிவிட்டு நான் காது வைத்துக் கேட்டேன். கார்ப்பரேட்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வு ஒழுகுகிறது, சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜின் மூச்சு விடுகிற பிரீதர் குழாயில் சீறினால் பிஸ்டன் ரிங். எங்களுக்குச் சைலன்சரில் சீறியது.

"டேப்பட்டை யாராவது தொட்டாங்களா மாப்ள?"

தொட்டிருக்கிறார்கள். டேப்பட் என்பது, புஷ்ராட் என்கிற கம்பியைத் தள்ளி வால்வைத் திறக்கிற சாமான்; இடையில் உள்ள இடைவெளியை அதில்தான் சரிசெய்வோம். தீபாவளிக்கு முன்னால் கீழே ஒரு பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய், 'டிக் டிக்'னு சத்தம் வருது, நிறுத்திக் கொடுங்க என்றிருக்கிறான். அவரும் சூடான இன்ஜினிலேயே டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை நிறுத்திக் கொடுத்துவிட்டார். விஷயம் என்னவென்றால், சூடாகும்போது சிலிண்டரும் ஹெட்டும் புஷ்ராடைவிட அதிகம் வளர்கின்றன, இடைவெளி கூடுகிறது. சூட்டில் இடைவெளியே இல்லாமல் இறுக்கினால், ஆறியதும் புஷ்ராட் வால்வை மூடவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். கம்ப்ரஷன் ஒழுகும். எப்படியோ பிடித்து இன்ஜின் சூடேறினால் வால்வு மறுபடி ஒழுங்காக உட்காரும். காலையில் பிடிக்காததும், பிடித்தபின் பறந்ததும் இதனால்தான்.

சரி செய்வது இப்படி. இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சிலிண்டரின் வலப்பக்க அடியில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்தால் இரண்டு புஷ்ராடும் தெரியும். பிஸ்டனை கம்ப்ரஷன் மேட்டுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை. இரண்டு விரலால் புஷ்ராடைச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. எங்கள் எக்ஸாஸ்ட் ராட் விரலுக்கு அசையவே இல்லை. மூன்று ஸ்பேனர் பிடிக்க வேண்டும், இருப்பதோ இரண்டு கை. மச்சினன் அதற்காகவாவது பயன்பட்டான். லாக் நட்டை இறுக்கியதும் மறுபடி சுழற்றிப் பாருங்கள், இறுக்கும்போது அளவு மாறிவிடும்.

இரண்டாவது உதையில் பிடித்தது. உடனே அவன், "மாமா, அந்த டிக் டிக் திரும்ப வந்துடுச்சே!"

வரட்டும். டேப்பட் கொஞ்சம் பேசத்தான் செய்யும், பேசாத டேப்பட்டைக் கண்டால்தான் எனக்குப் பயம். ஆனால் எல்லா 'டிக்'கும் டேப்பட் இல்லை. சைலன்சர் பெண்ட் ஹெட்டில் சேருகிற இடம் ஒழுகினாலும் இதே சத்தம்தான். சோப்புத் தண்ணீரைக் குளிர்ந்த ஜாயின்ட்டில் தடவி ஸ்டார்ட் செய்தால் நுரை காட்டிக்கொடுக்கும். முதல் ஐந்து நிமிடம் வெற்று டப்பாவைத் தட்டுவது மாதிரி கேட்டு, சூடானதும் மறைந்தால் அது பிஸ்டன். வயதான வண்டிக்கு அது சகஜம், அதற்காக இன்ஜினை இறக்காதீர்கள். இடப்பக்கம் தாறுமாறாக அடித்தால் முதலில் பிரைமரி செயின். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை உறையில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டால் எந்த இடம் என்று தெளிவாகத் தெரியும்.

மலைப்பாதையையும் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஏறும்போது தகர டப்பாவில் சல்லிக்கல் போட்டு ஆட்டுகிற சத்தம் வந்து, ஆக்ஸிலேட்டரைக் குறைத்ததும் நின்றால் டைமிங் முந்தியிருக்கிறது. இறக்கத்தில் கியரில் விட்டுக்கொண்டே வந்து, வளைவு தாண்டி முறுக்கும்போது ஒரு கொத்து நீலப்புகை வந்தால், வால்வு ஏறி இறங்குகிற குழல், வால்வு கைடு தேய்ந்திருக்கிறது. ஏற்றத்தில் விடாமல் புகைந்தால் ரிங். காலை முதல் உதையில் மட்டும் புகைந்து நின்றால், ராத்திரி எண்ணெய் தன் அறையிலிருந்து இன்ஜினின் அடியில் இறங்கியிருக்கும். அப்போது டிப்ஸ்டிக்கில் அளவு குறைவாகக் காட்டும். அதை நம்பி எண்ணெய் ஊற்றாதீர்கள், ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

ஒரு சத்தத்துக்கு மட்டும் விளையாட்டு வேண்டாம். இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து, கதவை முஷ்டியால் இடிக்கிற மாதிரி கனமாக, சூடாகச் சூடாகக் கூடுகிற 'டொக் டொக்'. பிக் எண்ட், அதாவது பிஸ்டனின் கனெக்டிங் ராட் அடியில் இருக்கிற பேரிங். அதோடு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள், நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவதும் அந்த வளைவுகளில் ஆபத்து. மளிகைச் சாமான் ஏற்றி வந்து காலியாகத் திரும்புகிற சின்ன யானை எதிலாவது பேசி ஏற்றிவிடுங்கள். கட்டும்போது பெட்ரோல் டேப்பை மூட மறக்காதீர்கள். நான் ஒரு தடவை மறந்து, டிரைவரின் சாக்கு மூட்டைகள் எல்லாம் நனைந்து, வாடகைக்கு மேல் அழுதேன்.