முட்டிக்கொண்ட பெருவிரல்

கிற்றாரில் விரலால் மீட்டப் பழகத் தொடங்கி மூன்று மாதமாக ஒரே இடத்தில் நின்றேன். பெருவிரலுக்கு 6, 5, 4ஆம் கம்பிகள். சுட்டுவிரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. கணக்கு விளங்கியது. ஆனால் மற்ற விரல்கள் சேர்ந்தவுடன் பெருவிரல் தடுமாறிவிடும்.

கிளிநொச்சியில் எங்கள் தேவாலயத்தில் வாசிக்கிற அண்ணா பார்த்துவிட்டு, “தம்பி, உம்மட பெருவிரல் உள்ளங்கைக்குள்ள ஓடுது, முன்னுக்கு நீட்டிப் பிடியும்” என்றார். உண்மைதான், அது சுட்டுவிரலில் போய் முட்டிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைச் சற்று உயர்த்தி, பெருவிரலைச் சுட்டுவிரலுக்கு முன்னால், கிற்றாரின் கழுத்துப் பக்கமாக வைத்தேன்.

பிறகு ஒரு கிழமை பெருவிரல் மட்டும். சி கோர்டைப் (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) பிடித்துக்கொண்டு, கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டில் வைத்து, 5ஆம் கம்பி, 4ஆம் கம்பி என்று மாறி மாறி. அம்மாவோடு கதைத்துக்கொண்டே அது பிசகாமல் ஓடிய பிறகுதான் சுட்டுவிரலைச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக. மோதிரவிரல்தான் கடைசிவரை அடம்பிடித்தது. அதற்கென்று தினமும் தனியாகப் பத்து நிமிடம்.

நகமும் ஒரு தொல்லை. கச்சான் பிடுங்குகிற நாட்களில் நகம் பிளந்து கம்பியில் கொளுவும். இப்போது ஒட்ட அராவிவிட்டு விரல்நுனிச் சதையால் மீட்டுகிறேன். சத்தம் குறைவு, ஆனால் அந்த மெதுமை எனக்குப் பிடித்திருக்கிறது.