பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்னால் ஒருமுறை வாசலில் நின்று கூப்பிட்டுப் பாருங்கள்

பிரசவ வார்டிலேயே "என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அவசரமே வேண்டாம். 21 நாளுக்குள் பதிவாக வேண்டியது பிறப்புதான், பெயர் அல்ல. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் எழுதிவிட்ட பெயரைப் பிறகு மாற்றுவது லேசான வேலை இல்லை, கெஜட் வரை போக வேண்டி வரும்.

என்னிடம் யார் யோசனை கேட்டாலும் முதலில் சொல்வது, பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள் என்பதுதான். தெருவில் விளையாடுகிற பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை, காலையில் எழுப்புகிற மாதிரி ஒரு தடவை, அதட்டுகிற மாதிரி ஒரு தடவை. நம் பெயர்கள் கூப்பிடும்போது தானாக நீளும்: மாறன் மாறா ஆவான், வள்ளி வள்ளீ ஆவாள், குரல் தெருமுனை வரைக்கும் போகும். முக்கியமாக வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு பெண் குழந்தைக்கு க்ஷவும் ஹவும் அடுத்தடுத்து வருகிற மாதிரி ஒரு பெயர் வைத்தார்கள். அந்த அப்பத்தாவுக்கு அது வாயில் நுழையவில்லை, நாலு பேர் முன்னால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று கூசி "ஏ பாப்பா" என்றே கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைக்கு இப்போது ஆறு வயது, நாள் முழுக்கக் கூடவே இருக்கிற அப்பத்தா இன்னும் ஒருமுறைகூட அவள் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அடுத்தது நட்சத்திர எழுத்து. 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. ரோகிணிக்கு ஓ, வா, வி, வு என்று வந்தால் பிரச்சினை இல்லை. திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு 'ங' வரும், அஸ்தம் மூன்றாம் பாதத்துக்கு 'ண' வரும், அந்த எழுத்தில் தொடங்குகிற பெயருக்கு எங்கே போவது? அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான், ஜோசியரிடமே கேளுங்கள், சொல்வார். காதில் மூன்று முறை சொல்கிற பெயரை மட்டும் நட்சத்திரப்படி வைத்துவிட்டு, சான்றிதழில் மனசுக்குப் பிடித்த பெயரைக் கொடுப்பதும் நல்ல வழி. எழுத்துக்காகப் பிடிக்காத ஒரு பெயரில் போய் நிற்காதீர்கள்.

தாத்தா பாட்டி பெயரைத் தள்ளிவிட வேண்டாம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். முழுப்பெயர் பழசாகத் தோன்றினால் அதிலிருந்து ஒரு துண்டை எடுங்கள்: வள்ளியம்மாளில் வள்ளி இருக்கிறாள், பூங்காவனத்தில் பூங்கா இருக்கிறது.

அர்த்தத்தை இணையத்தில் வருகிற பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். பாதிப் பெயர்களுக்கு "இளவரசி", "கடவுளின் பரிசு" என்றே போட்டிருக்கும், எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று இருக்காது. தமிழ்ச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் தேடிப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. இன்னொன்று, பிள்ளை பெற்றவர்களின் அலுப்பைப் பெயராக வைத்துவிடாதீர்கள். போதும்பொண்ணு என்று பெயர் வாங்கிய அக்காக்கள் அதை ஆயுசுக்கும் சுமந்திருக்கிறார்கள்.

இப்போது ஸ்பெல்லிங், பலரும் கோட்டை விடுகிற இடம். ஒரே யாழினிக்குத் தமிழ்நாட்டில் இசட் ஹெச் போடுவார்கள், இலங்கையில் எல் போடுவார்கள். 'த'வுக்குச் சிலர் டிஹெச், சிலர் வெறும் டி. என் பெயரிலும் ஒரு த உண்டு, பிறப்புச் சான்றிதழில் ஹெச் இல்லை, பள்ளிச் சான்றிதழில் இருக்கிறது, பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த ஒரு ஹெச்சுக்காக மூன்று தடவை அலைந்தேன். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே ஆகிவிட்டது, அதனால் அதில் விழுகிற எழுத்துதான் பிள்ளையோடு கடைசி வரை போகும். நியூமராலஜி பார்த்து ஒரு ஏ கூடுதலாகப் போடுகிறவர்களும் சான்றிதழ் வாங்கும் முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள்.

இனிஷியலையும் அப்போதே யோசித்துவிடுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டிலோ பெயருக்கு ஒன்று, குடும்பப் பெயருக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் இருக்கும், அங்கே இனிஷியல் மட்டும் போதாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரா, அம்மா பெயரா, இரண்டுமா என்று பேசி முடிவெடுங்கள், அம்மாவின் இனிஷியல் போடவும் தமிழ்நாட்டில் இடம் உண்டு.

எல்லாம் முடிவானதும் ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், வாயால் சொல்லி எழுத விடாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் குழந்தை, அம்மா, அப்பா மூன்று பேர் பெயரையும் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லுங்கள்.