அப்பலாச்சியன் பாதையில் இலவசச் சாப்பாடு: பணம் திரட்டும் முன்

அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை அப்பலாச்சியன் பாதையில் சுமார் 3,500 கி.மீ. நடப்பவர்களுக்கு வழியில் சாப்பாடு போடுவதை ‘ட்ரெயில் மேஜிக்’ என்பார்கள். இணையத்தில் பணம் திரட்டுவதாக இருந்தால் முதலில் நன்கொடைத் தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள். பொதுவாக 2.9 சதவீதம், அதோடு ஒவ்வொரு நன்கொடைக்கும் 30 சென்ட். ஒருவரே 100 டாலர் போட்டால் 3.20 போகும்; இருபது பேர் ஐந்தைந்தாகப் போட்டால் 8.90 போய்விடும்! தெரிந்தவர்களிடம் கையிலேயே வாங்கிவிடுவது மேல்.

மார்ச், ஏப்ரலில் ஜார்ஜியா வேண்டாம். அங்கே சாப்பாடு போடவே கூட்டம் முண்டியடிக்கும். நடப்பவர்களும் அப்போதுதான் கிளம்பியிருப்பார்கள், அசல் பசி இன்னும் வந்திருக்காது. ஜூனில், வர்ஜீனியாவுக்கு வடக்கே, தார்ச்சாலை பாதையைக் குறுக்கே வெட்டும் இடமாகப் பாருங்கள். அந்த இடத்தை நிர்வகிப்பவர்களிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

நூடுல்ஸ் கூடாது, தினமும் அதைத்தான் தின்கிறார்கள். முட்டை, தர்பூசணி, ஐஸில் புதைத்த குளிர்பானம் என்றால் முகம் மலரும். தலைக்கு மூன்று முட்டை, 30 பேருக்கு எட்டு டஜன். இரட்டை அடுப்பு முழுத் தீயில் எரிந்தால் ஒரு பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் தாங்கும், குறைந்தது மூன்று சிலிண்டர் எடுத்துப்போங்கள்.

சிப்ஸ் பாக்கெட்டை நீட்டாதீர்கள், அவர்கள் உள்ளங்கையில் நீங்களே கொட்டுங்கள். பாதையில் வாந்திபேதி வரவழைக்கும் நோரோவைரஸ் பரவுவது உண்டு. சானிடைசருக்கு அது சரியாக மசியாது. சோப்பும் ஒரு கேன் தண்ணீரும் வேண்டும்.

மிச்சத்தை ஐஸ்பெட்டியோடு அங்கேயே வைத்துவிட்டு வந்தால், அடுத்து சாப்பிட வருவது கரடிதான்.