அலம் போடுகிறவர்கள் பவுசருக்கும் காசு எடுத்து வையுங்கள்

கழிவுநீரிலிருந்து பொஸ்பரஸை எடுக்க அலம் (அலுமினியம் சல்பேட்டு) போட வேண்டும் என்றதும், அடுக்குமாடிப் பொருளாளர்கள் மூட்டை என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். கொழும்பு நகரின் பழைய சாக்கடைக் குழாயில் இணைந்த கட்டடங்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அவற்றின் கழிவுநீர் மோதரையிலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குப் போய்விடும். மாலபே மாதிரி இடங்களில் சொந்தமாகக் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

நாளுக்கு 200 கனமீற்றர் கழிவுநீர் என்று வையுங்கள். நுண்ணுயிர்கள் தின்றது போக லீற்றருக்கு 6 மில்லிகிராம் பொஸ்பரஸ் மிஞ்சுகிறது. அதை 1 ஆக்க வேண்டும். எடுக்க வேண்டியது நாளுக்கு 1 கிலோ. புத்தகக் கணக்கில் அதற்கு 10 கிலோ அலம்கூடத் தேவையில்லை. நடைமுறையில் இரண்டு மடங்கு, அதாவது 19 கிலோ வரை பிடிக்கும்.

இனித்தான் செலவே. அந்த ஒரு கிலோ, அலுமினியம் பொஸ்பேட்டாகி 4 கிலோ உலர் சேறாகும். மிஞ்சிய அலுமினியம் சும்மா இராது. ஐதரொட்சைட்டாகி இன்னும் இரண்டரைக் கிலோ சேர்க்கும். தொட்டியின் அடியிலிருந்து எடுக்கும்போது அதில் திண்மம் 1 சதவீதம்தான் என்றால் நாளுக்கு 650 லீற்றர், மாதம் 19,500. சேறு ஏற்றும் 5,000 லீற்றர் பவுசர் நான்கு நடை வர வேண்டும், அதுவும் வழக்கமான சேற்றுக்கு மேலதிகமாக! சேற்றைத் தடிப்பாக்கி 3 சதவீதம் ஆக்கினால் இரண்டாவது பவுசர் பாதிகூட நிரம்பாது. நானென்றால் முதலில் சேற்றைத் தடிப்பாக்கத்தான் காசு போடுவேன்.

அடுத்தது எவ்வளவு அலம் போடுவது என்பது. ஆறு பீக்கரில், நுண்ணுயிர்கள் தின்று முடித்த கழிவுநீரை ஒவ்வொரு லீற்றர் எடுங்கள். 1 சதவீத அலம் கரைசலை 4, 6, 8, 10, 12, 14 மில்லிலீற்றர் என்று விடுங்கள். ஒரு மில்லிலீற்றர் என்பது லீற்றருக்கு 10 மில்லிகிராம் அலம். ஒரு நிமிடம் வேகமாகவும் இருபது நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் அடைய விட்டு, வடித்து, பொஸ்பரஸ் அளவைப் பாருங்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தில் உள்ள எண்ணுக்குச் சற்றுக் கீழே எந்தப் பீக்கர் முதலில் வருகிறதோ, அதுவே உங்கள் அளவு. அதற்கு மேல் போட்டால் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளியும், ஒபரேட்டர் பூரித்துப்போவார், மிச்சமெல்லாம் சேறு.

ஒரு கிலோ அலம், பிஎச் இறங்காமல் தாங்கும் காரத்தன்மையில் (கல்சியம் காபனேற்றுக் கணக்கில்) அரைக் கிலோவைத் தின்னும். குழாயில் வரும் களனி கங்கைத் தண்ணீரில் காரத்தன்மை குறைவு. பிஎச் 6.5க்குக் கீழே இறங்கினால் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். பிறகு சுண்ணாம்புக்கும் காசு. அலத்தை விட்டு பெரிக் குளோரைட்டுக்கு மாறினாலும் சேறு கூடுமே தவிரக் குறையாது.

சேறு உலர்த்தும் படுக்கை வைத்திருப்பவர்கள் ஒக்டோபர், நவம்பர் மழைக்குத் தனியாகப் பவுசர் நடை எழுதி வையுங்கள். அந்த மாதங்களில் படுக்கை காயாது.