ஷெங்கன் விசாவில் எத்தனை நாள் தங்கலாம்? நீங்களே கணக்குப் போடுங்கள்

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு. அந்த விசா ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது இரண்டு தேதிகளை. இந்தத் தேதியிலிருந்து அந்தத் தேதி வரை தாராளமாக இருக்கலாம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் வம்பு.

1. நாட்களின் எண்ணிக்கையைத் தேடுங்கள்

அந்தத் தேதிகளுக்குள் போய்வர வேண்டும், அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குத் தனிக் கட்டம் இருக்கும். ஒருமுறை மட்டும் போய்வரும் விசாவில், பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் என்று வழக்கமாக 15 நாள் சேர்த்தே தேதி போடுவார்கள். கட்டத்தில் 20 என்று இருந்தால் 20 நாள்தான்.

2. எத்தனை முறை நுழையலாம்?

01 என்றால் ஒரே தடவை. பாரிஸிலிருந்து லண்டனுக்கு ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்றால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அயர்லாந்தும் சைப்ரஸும்கூட ஷெங்கனுக்கு வெளியேதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும் நார்வேயும் உள்ளே. மொத்தம் 29 நாடுகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நாள் கணக்கு.

3. 90/180 கணக்கு

பலமுறை நுழையும் விசா உள்ளவர்களும் விசாவே தேவைப்படாத பாஸ்போர்ட்காரர்களும் இங்கே நிதானமாகப் படியுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. இது ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகத் தொடங்கும் கணக்கு இல்லை, தினமும் நகரும். அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தினத்தையும் சேர்த்து 180 நாள் பின்னோக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். போய் இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் வரும், இரவு பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது முழு நாள்தான்.

2026 ஜனவரி 10 முதல் பிப்ரவரி 8 வரை 30 நாள், மே 1 முதல் 20 வரை 20 நாள் இருந்தீர்கள் என்று வையுங்கள். ஜூலை 1 அன்று மறுபடி போனால் பின்னோக்கி எண்ணுவது ஜனவரி 3-இல் போய் நிற்கும். அப்படியானால் 50 நாள் செலவு, 40 மீதி. ஜூலை 9 முதல் ஜனவரி நாட்கள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து கழன்றுவிடுவதால், மீதி இன்னும் கூடும். கையால் எண்ணச் சலிப்பாக இருந்தால் ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இலவசக் கால்குலேட்டர் இருக்கிறது. தேதிகளைத் தட்டினால் போதும்.

4. ஓரிரு நாள் மிச்சம் வையுங்கள்

முன்பு பாஸ்போர்ட் முத்திரைகளைப் புரட்டி அதிகாரிதான் எண்ணுவார். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டில் கைரேகை, முகப்படத்தோடு வருகையும் புறப்பாடும் கணினியில் பதிவாகின்றன. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும். அதனால் 90-ஆவது நாளுக்கு விமான டிக்கெட் போடாதீர்கள். உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரியில் படுத்தால், நாள் முடிவதற்கு முன்பே அந்த நாட்டின் குடிவரவு அலுவலகத்தில் ஆதாரத்தோடு நீட்டிப்புக் கேளுங்கள். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.