விழுந்தவரைத் தூக்க அவசரப்படாதீர்கள்

வார்டில் யாராவது விழுந்தால் பக்கத்து பெட்டுக்காரர், துணைக்கு இருப்பவர், அட்டெண்டர் என்று எல்லாரும் ஓடிவந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்ப்பார்கள். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தக் கைகளைத் தடுங்கள் என்பதுதான். தரையில் சில நிமிடம் கிடப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. கழுத்திலோ இடுப்பிலோ எலும்பு முறிந்திருந்து, தெரியாமல் தூக்கினால்தான் ஆபத்து.

பக்கத்தில் மண்டியிட்டு உட்காருங்கள். மூச்சோ நினைவோ இல்லையென்றால் உடனே அவசரக் குழுவைக் கூப்பிடுங்கள். பேசுகிறார் என்றால் கழுத்து வலிக்கிறதா, கை கால் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிவாக இருக்கலாம். டாக்டர் வரும் வரை அசைக்கக் கூடாது. பிபி, நாடி, ஆக்சிஜன், சுகர் எல்லாவற்றையும் தரையிலேயே பார்த்துவிடலாம்.

"ஒண்ணுமில்ல சிஸ்டர், தலையில படல" என்பார்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லையென்றால் நான் அதை நம்புவதில்லை. தலையில் அடி என்றே எடுத்துக்கொள்வேன். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால், டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மண்டைக்குள் கசியும் ரத்தம் சில மணி நேரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். அதனால்தான் முழு நினைவோடு இருப்பவரையும் முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 2 மணிக்கொரு முறை பார்க்கச் சொல்கிறார்கள். நினைவு, கண்பாவை, கை கால் பலம். தூங்குகிறாரே என்று விடாதீர்கள், எழுப்பிப் பாருங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழப்பம் வந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம்.

ஏன் விழுந்தார் என்பதையும் அன்றைக்கே தேடுங்கள். பாதிப் பேர் பாத்ரூமுக்குத்தான் கிளம்பியிருப்பார்கள். கூப்பிட்டு யாரும் வராததால் தானே எழுந்திருப்பார்கள். தூக்க மாத்திரை, பிபி மாத்திரை, நீர் போக்கும் மாத்திரை இருக்கிறதா பாருங்கள். எழுந்து நிற்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, படுத்தபடி ஒருமுறை, நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பிபி எடுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சார்ட்டில் "கவனக்குறைவால் விழுந்தார்" என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எப்படிக் கிடந்தார், என்ன சொன்னார் என்பது போதும். வீட்டாருக்கு அந்த ஷிப்ட் முடிவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். மறுநாள் நெற்றி வீக்கத்தைப் பார்த்து அவர்களாகக் கேட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.