ஒன்டாரியோவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறீர்களா?

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் புதிதாக வந்து இறங்கியிருக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். கனடாவில் கல்வி மாகாண அரசின் பொறுப்பு. அதனால் இங்கே சொல்வதெல்லாம் ஒன்டாரியோவுக்குத்தான் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பெற்றோர் ஆசிரியரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. இங்கே கேள்வி கேட்காத பெற்றோரைப் பார்த்தால், எல்லாம் சரியாகப் போகிறது என்று பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்ளும். எனவே கேளுங்கள், ஆங்கிலம் தடுமாறினாலும் கேளுங்கள்.

முதல் வேலை முகவரி. அரசுப் பள்ளிக்குக் கட்டணம், நன்கொடை, நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது. எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது, அதனால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்தப் பகுதி கல்விச் சபையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து எந்தப் பள்ளி வருகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரே தெருவில் பொதுச் சபைப் பள்ளியும் கத்தோலிக்கச் சபைப் பள்ளியும் இருக்கலாம், இரண்டுமே அரசுப் பணத்தில்தான் நடக்கின்றன. கத்தோலிக்க ஆரம்பப் பள்ளிக்குப் பொதுவாக ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் அல்லது பாஸ்போர்ட், குடிவரவுப் பத்திரங்கள், முகவரிக்கு ஆதாரம், தடுப்பூசி அட்டை. அகதிக் கோரிக்கை இன்னும் முடியவில்லை, விசா பிரச்சினை இருக்கிறது என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். பெற்றோருக்கோ பிள்ளைக்கோ சட்டப்படியான தங்கும் உரிமை இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று ஒன்டாரியோவின் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது தயங்கினால் பணிவாக இதைச் சொல்லுங்கள், பள்ளி அதிபரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

தடுப்பூசி விஷயத்தில் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். டாக்டரிடம் ஊசி போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பதிவை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும், டாக்டர் தானாக அனுப்பமாட்டார். அங்கிருந்து வரும் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளையைச் சில நாட்கள் பள்ளிக்கு வரவிடாமல் நிறுத்தவும் முடியும்.

வகுப்பு என்பது பிறந்த ஆண்டுக் கணக்கு. செப்டம்பரில் சேரும் பிள்ளைக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 4 வயது முடிந்தால் ஜேகே (இளநிலை மழலையர் வகுப்பு), 5 என்றால் எஸ்கே (மேல்நிலை மழலையர் வகுப்பு), 6 என்றால் கிரேட் 1 (முதலாம் வகுப்பு). ஊரில் ஒரு வகுப்பு மேலே படித்தான், அப்படியே போடுங்கள் என்று வாதாடிப் பெரும்பாலும் பயனில்லை. ஆங்கிலம் வராது என்று கீழ் வகுப்பில் போடுவதும் வழக்கமில்லை, வயதுக்கேற்ற வகுப்பில் வைத்துக்கொண்டே ஈஎஸ்எல் என்ற ஆங்கில உதவியைத் தருவார்கள். கிரேட் 9க்கு மேல் சேர்கிறவர்கள் ஊரின் மதிப்பெண் பட்டியல்கள் அத்தனையையும் கட்டாயம் கொண்டுவர வேண்டும், ஏற்கெனவே படித்ததற்கு எத்தனை கிரெடிட் (முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி) தரலாம் என்று அதிபர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

இந்த ஓட்டத்தில் திணறினால் ஸ்விஸ் (SWIS) எனப்படும் குடியேற்ற உதவி ஊழியரைக் கேளுங்கள். புதிதாகக் குடியேறிய குடும்பங்களுக்கு உதவவே பல பள்ளிகளுக்கு இவர்கள் வந்துபோகிறார்கள், உதவி இலவசம், நம் ஆட்கள் அதிகம் இருக்கும் பகுதிகளில் தமிழ் பேசுபவரே கிடைக்கலாம்.

அன்றாட வாழ்க்கையில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான், பெரும்பாலும் சூடாக்கித் தரமாட்டார்கள், ஒவ்வாமை காரணமாகக் கச்சான் (நிலக்கடலை), முந்திரி போட்ட எதையும் அனுப்பாதீர்கள். உள்ளே போட ஒரு ஜோடி ஷூ தனியாக வேண்டும். குளிர்காலத்திலும் இடைவேளைக்கு வெளியே அனுப்புவார்கள், ஸ்னோ பாண்ட்ஸ், பூட்ஸ், கையுறை எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள். பிள்ளை வரவில்லை என்றால் காலையிலேயே பள்ளிக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் உங்களைத் தேடி அழைப்பு வரும். ஆசிரியர்கள் பயிற்சிக்கும் மற்ற பணிகளுக்கும் ஒதுக்கிய பிஏ நாட்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியைப் பார்த்து வேலையிடத்தில் லீவு சொல்லி வையுங்கள்.

இனி ரிப்போர்ட் கார்ட். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆரம்பப் பள்ளியில் நவம்பர் வாக்கில் ஒரு முன்னேற்ற அறிக்கை, பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஜூனில் ஒன்று வரும். எதிலும் ரேங்க் இருக்காது. பி என்பது 70 முதல் 79 வரை, அது மாகாணம் எதிர்பார்க்கும் தரம், அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆசிரியர்கள் குறையை மிக மென்மையாக எழுதுவார்கள். "இன்னும் பயிற்சி எடுக்க ஊக்குவிக்கப்படுகிறாள்" என்ற தொனியில் ஒரு வரி இருந்தால் அந்த இடத்தில் பிள்ளை பின்தங்குகிறாள் என்றே படியுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் ஈஎஸ்எல் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் குறி போட்டிருந்தால் அந்த மதிப்பெண் பிள்ளையின் ஆங்கில நிலைக்கேற்ப மாற்றப்பட்ட எதிர்பார்ப்புக்குக் கொடுத்தது, வகுப்புத் தரத்துக்கு அல்ல. ஏ வாங்கியிருக்கிறான் என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது. முதல் பக்கத்தில் பொறுப்பு, ஒழுங்கு, சுயமாக வேலை செய்வது, மற்றவர்களோடு சேர்ந்து செய்வது பற்றி எழுதியிருப்பதையும் ஆசிரியர்கள் மதிப்பெண் அளவுக்கே முக்கியமாக எடுக்கிறார்கள்.

ஆசிரியரைச் சந்திக்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நன்றாகப் படிக்கிறானா என்று கேட்டால் நன்றாகத்தான் என்ற பதில் வரும். எந்தப் பாடத்தில் வகுப்புத் தரத்துக்குக் கீழே இருக்கிறான், ஈஎஸ்எல் ஆசிரியரோடு வாரத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறான், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்கலாம். உங்கள் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அது அவனுக்கும் சங்கடம், உங்களுக்கும் முழு விவரம் வராது.

அடிப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். பிள்ளைக்கு வீட்டில் துன்பம் நடக்கிறது என்ற சந்தேகம் வந்தாலே ஆசிரியர் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அது சட்டம் அவர்மேல் வைத்த கடமை. கையை ஓங்கும் பழக்கம் இருந்தால், யாருக்கும் பயந்து அல்ல, பிள்ளைக்காகவே இங்கு வந்ததோடு அதை விட்டுவிடுங்கள்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் பேசினால் சீக்கிரம் தேறுவான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தாய்மொழியை வீட்டில் தொடரச் சொல்வது இங்குள்ள ஆசிரியர்களே. டொராண்டோ பொதுக் கல்விச் சபையில் தமிழ் வகுப்பும் இருக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் பட்டயம் வாங்க 30 கிரெடிட், 40 மணி நேரச் சமூகசேவை, எழுத்தறிவுத் தேர்வில் தேர்ச்சி அல்லது அதற்கு ஈடான பாடம் எல்லாம் வேண்டும். சேவை நேரத்தைக் கிரேட் 9க்கு முந்தைய கோடையிலேயே தொடங்கலாம், கடைசி ஆண்டுக்குத் தள்ளாதீர்கள். கிரேட் 11, 12 பாடங்களின் குறியீட்டில் கடைசியில் வரும் எழுத்தைப் பாருங்கள்: யூ (U) என்றால் பல்கலைக்கழகத்துக்கு, சி (C) என்றால் கல்லூரிக்கு, எம் (M) என்றால் இரண்டுக்கும். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குக் கிரேட் 12இன் யூ அல்லது எம் பாடங்கள் ஆறு தேவை, அவற்றில் பலவற்றுக்கு முந்தைய ஆண்டில் குறிப்பிட்ட பாடம் படித்திருக்க வேண்டும். பாடத் தெரிவுப் படிவம் அடுத்த ஆண்டுக்கானது, குளிர்காலத்திலேயே வந்துவிடும். அதில் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு குறியீட்டையும் பாருங்கள், புரியாவிட்டால் வழிகாட்டல் ஆலோசகரிடம் நேரம் கேட்டு நீங்களும் கூடப் போங்கள்.